சுண்டி விட்டாச்சு, அப்புறம்?

கேரம்ல முதல் ஷாட் இருக்கே, நடுவுல 19 காயும் பூ மாதிரி ஒட்டி அடுக்கி வச்சிருப்பாங்க, அதை ஸ்டிரைக்கரால உடைக்கிறது, அதை ஒருத்தர் ஆயிரம் தடவ அடிச்சாலும் ரெண்டு தடவ ஒரே மாதிரி காய் சிதறாது. எங்க சித்தப்பா முப்பது வருஷமா ஆடுறவர், அதே இடத்துல ஸ்டிரைக்கரை வச்சு அதே விரலால தூக்கத்துல எழுப்பி அடிக்கச் சொன்னாலும் அதே வேகத்துல அடிப்பார், ஆனா ஒரு நாள் ரெண்டு வெள்ளை பாக்கெட்ல விழும், இன்னொரு நாள் ஒண்ணும் விழாம ரெட் மட்டும் எதிராளி மூக்குக்கு நேரா போய் உக்காந்துக்கும். "கை அதே கைதான்டா, காய்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது"ம்பார். சின்ன வயசுல இதை சால்ஜாப்புன்னு நெனச்சேன், பிசிக்ஸ் படிச்சப்புறம்தான் மனுஷன் உண்மையத்தான் சொல்லியிருக்கார்னு தெரிஞ்சுது.

ஸ்கூல் புக்ல இந்தச் சுண்டுக்கு கணத்தாக்குன்னு பேர். விசையை, அது எவ்வளவு நேரம் பட்டுச்சோ அந்த நேரத்தால பெருக்குனா வர்றது, அதான் பொருளோட உந்தத்துல (நிறையை வேகத்தால பெருக்குனா வர்றது) ஏற்படுற மாற்றம். ஸ்டிரைக்கர் 15 கிராம், சுண்டுனதும் நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல கிளம்புதுன்னு வச்சுக்குவோம், விரல் அதைத் தொட்டுக்கிட்டு இருக்குற நேரம் ஒரு நொடியில நூத்துல ஒரு பங்கு, அப்ப விரல் கொடுத்த சராசரி விசை 4.5 நியூட்டன், அதாவது அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை கையில தாங்குறோமே அதை விட கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் உங்க பங்கு. அந்த நூத்துல ஒரு பங்கு நொடி முடிஞ்சதும் நீங்க வேடிக்கை பாக்குறவர், கழுத்தை சாய்ச்சு, உடம்பை வளைச்சு, "போ போ போ"ன்னு எவ்வளவு கத்துனாலும் காய்க்குக் கேக்காது (எல்லாரும் கத்துறோம், அது வேற விஷயம்).

இதுல ஒரு அழகு என்னன்னா ஸ்டிரைக்கர் 15 கிராம், காய் அஞ்சு கிராம் சொச்சம், கனமானது லேசானதை நேருக்கு நேர் மோதுனா, சக்தி எதுவும் வீணாகலைன்னா, காய் ஸ்டிரைக்கரை விட ஒண்ணரை மடங்கு வேகத்துல கிளம்பும். 3 மீட்டர்ல வந்த ஸ்டிரைக்கர் ஒண்ணரைக்கு இறங்கும், காய் நாலரைக்கு ஏறும். சத்தத்துலயும் சூட்டுலயும் கொஞ்சம் போயிடுறதால நிஜத்துல அவ்வளவு வராது, ஆனாலும் வேகம் ஏறுறது கண்ணுக்கே தெரியும்.

இப்ப சித்தப்பா பிரச்சனைக்கு வருவோம். ஸ்டிரைக்கருக்கும் காய்க்கும் நடுவுல (மையத்துல இருந்து மையம்) 30 சென்டிமீட்டர். நேரா அடிக்க நெனச்சீங்க, கை ஒரே ஒரு டிகிரி தப்பிடுச்சு. 30 சென்டிமீட்டர் போறதுக்குள்ள ஸ்டிரைக்கர் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும், சரி அரை சென்டிமீட்டர்தானேன்னு விட முடியாது, ஏன்னா மோதுறது ரெண்டும் வட்டம். எந்த இடத்துல தொட்டுச்சோ அங்க ரெண்டு மையத்தையும் சேத்து ஒரு கோடு போட்டா அந்தக் கோட்டுலதான் காய் ஓடும். ஸ்டிரைக்கர் ஆரம், காய் ஆரம் ரெண்டும் கூட்டுனா ஏறக்குறைய 3.65 சென்டிமீட்டர், அதுல அரை சென்டிமீட்டர் விலகுனா காய் ஏழு டிகிரி தப்பிப் போகும். உங்க கை பண்ண தப்பு ஒண்ணு, காய் பண்ற தப்பு ஏழு. அந்தக் காய் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்குற இன்னொரு காயை அடிக்கணும்னு வைங்க, ஏழு டிகிரியில போற காய் அங்க சேரும்போது ரெண்டரை சென்டிமீட்டர் விலகியிருக்கும், காயோட முழு அகலமே மூணு சொச்சம்தான், இன்னும் அரை சென்டிமீட்டர் போயிருந்தா தொடாமலே தாண்டியிருக்கும். தொட்டாலும் ரெண்டாவது காய் நாப்பது அம்பது டிகிரி கோணிக்கிட்டு எங்கயோ ஓடும். ஒரு டிகிரி, ரெண்டே மோதல். பிரேக்ல 19 காய், அதுவும் ஒட்டி வச்சது, நடுவுல எங்கயாவது தலைமுடி அளவு இடைவெளி இருந்தா போதும், எந்தக் காய் எதை முதல்ல இடிக்கிறதுங்கிற வரிசையே மாறிடும்.

அதனால கேரம்ல காம்பினேஷன் ஷாட்டை (ஒரு காயால இன்னொரு காயைத் தட்டி விழ வைக்கிறது) கடைசி வழியாத்தான் வச்சுக்கணும்கிறது என் கருத்து, பசங்க ஸ்டைலுக்கு அடிக்கிறாங்க.

இதே கதை வானிலையிலும் நடந்திருக்கு. 1961ல அமெரிக்காவுல எம்ஐடியில எட்வர்ட் லாரன்ஸ்னு ஒருத்தர், ராயல் மெக்பீ எல்ஜிபி-30ன்னு ஒரு கம்ப்யூட்டர்ல பொம்மை வானிலை ஒண்ணை ஓட்டிக்கிட்டு இருந்தார், ஒரு பகுதியை மறுபடி பாக்கணும்னு தோணவும் ஆரம்பத்துல இருந்து ஓட்டாம, பாதியில இருந்த நம்பர்களை பிரிண்ட்ல பாத்து டைப் பண்ணிட்டு காபி குடிக்கப் போயிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா வானிலை முதல் தடவ வந்ததுக்கு சம்பந்தமே இல்லாம இருக்கு. மிஷின் ரிப்பேர்னுதான் முதல்ல நெனச்சார். அப்புறம்தான் தெரிஞ்சுது, மிஷின் உள்ளுக்குள்ள 0.506127ன்னு வச்சிருந்ததை பேப்பர்ல இடம் பத்தாம 0.506ன்னு அடிச்சிருக்கு, இவரும் அதையே டைப் பண்ணியிருக்கார். விட்டுப்போனது நாலாயிரத்துல ஒரு பங்கு. அந்தத் துக்கடா வித்தியாசம் நாலு நாளைக்கு ஒரு தடவ (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற நாள்) ரெட்டிப்பாகி, ரெண்டு மாசத்துல மொத்த வானிலையையும் மாத்திடுச்சு. பிரேசில்ல பட்டாம்பூச்சி சிறகடிச்சா டெக்சாஸ்ல சூறாவளி வருமான்னு அவர் 1972ல ஒரு உரைக்குத் தலைப்பு வச்சார், அதுல இருந்துதான் ஊரெல்லாம் பட்டாம்பூச்சி விளைவுன்னு பேச ஆரம்பிச்சாங்க. சினிமாவுல இதை எடுத்துக்கிட்டு சின்னதா எது பண்ணாலும் உலகம் மாறிடும்கிற ரேஞ்சுக்குக் கொண்டு போயிட்டாங்க, அது தப்பு, ஏன்னா எல்லா இடத்துலயும் அப்படி நடக்காது.

ஒரு கிண்ணத்துக்குள்ள கோலிகுண்டை எந்தப் பக்கத்துல இருந்து வேணா உருட்டி விடுங்க, எவ்வளவு வேகமா வேணா விடுங்க, கொஞ்ச நேரம் ஆடிட்டு அடியில வந்து நின்னுக்கும். நீங்க எப்படி சுண்டுனீங்கன்னு அதுக்கு ஞாபகமே இருக்காது. கேரம் போர்டே கூட மழைக்காலத்துல பவுடர் போடலைன்னா அப்படித்தான், காய் நாலு இன்ச் போய் படுத்துக்கும். உராய்வுங்கிறது ஒரு வகையில மறதிதான்.

இன்னொரு கோடியில விண்வெளி இருக்கு, அங்க மறதியே கிடையாது. மங்கள்யானை 2013 டிசம்பர் 1ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:49க்கு பூமியை விட்டு செவ்வாய்ப் பக்கம் தள்ளினாங்க. என்ஜினோட விசை 440 நியூட்டன், நம்ம ஊர்க் கணக்குல 45 கிலோ தூக்குற பலம்தான், அதை 22 நிமிஷம் விடாம எரிச்சு வேகத்தை நொடிக்கு 648 மீட்டர் ஏத்துனாங்க, அப்புறம் வண்டி பெரும்பாலும் சும்மாவே மிதந்து 2014 செப்டம்பர் 24ஆம் தேதி போய்ச் சேந்துச்சு. இங்க சுண்டுறதுல நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் தப்புனா என்ன ஆகும்? அந்த 297 நாளால பெருக்கிப் பாத்தா 250 கிலோமீட்டருக்கு மேல விலகல் (சூரியனோட இழுப்பை விட்டுட்டு வெறும் பெருக்கல்ல வர்ற கணக்கு இது). பெருசுதான், ஆனா கேரம் மாதிரி கை மீறிப் போகலை, நாளுக்கு ஏத்த மாதிரி நிதானமா வளருது, அதனால வழியில லேசா தட்டி சரி பண்ண முடியுது. டிசம்பர் 11, அடுத்த ஜூன் 11னு ரெண்டு தடவ தட்டுனாங்க, ஆகஸ்ட்ல தட்ட வேண்டியதை தேவையில்லன்னு விட்டுட்டாங்க, கடைசியா செப்டம்பர் 22ல பெரிய என்ஜின் இன்னும் வேலை செய்யுதான்னு பாக்க நாலே நொடி எரிச்சாங்க, அதுவே கடைசித் திருத்தமாவும் ஆகிடுச்சு.

ஆக ஒரு சுண்டு எவ்வளவு தூரம் பேசும்கிறது சுண்டுன விரல்ல இல்லை, சுண்டுனதுக்கு அப்புறம் அது எதுக்குள்ள போய் மாட்டுதுங்கிறதுல இருக்கு.

இந்த "அப்புறம்"தான் தத்துவக்காரங்களை ரெண்டாயிரம் வருஷம் படுத்தி எடுத்திருக்கு. கல்லை எறியுறோம், கை விட்டப்புறமும் அது ஏன் போகுது? அரிஸ்டாட்டில், காத்துதான் கூடவே தள்ளிக்கிட்டுப் போகுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஆறாம் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல ஃபிலோபோனஸ், இது என்னய்யா பேச்சு, எறியுற கை கல்லுக்குள்ளயே ஏதோ ஒண்ணை ஏத்தி விடுதுன்னார். பதினாலாம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஜான் பூரிடான் பம்பரத்தைக் காட்டி அரிஸ்டாட்டிலை மடக்குனார், பம்பரம் இருந்த இடத்துலயே சுத்துது, அது பின்னாடி காத்து எங்க இருந்து வந்து தள்ளும்? கடவுள் படைக்கும்போதே கோள்களுக்கு ஒரு தள்ளு கொடுத்துட்டார், மேல தடுக்க எதுவும் இல்லாததால அது ஓடிக்கிட்டே இருக்குன்னும் சொன்னார், கிட்டத்தட்ட மங்கள்யான் கதை. தடுக்க ஆள் இல்லைன்னா ஓடுறது ஓடிக்கிட்டே இருக்கும்னு நியூட்டன் 1687ல அதை முதல் விதியா எழுதி வச்சார்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது வைசேஷிக சூத்திரம்கிற பழைய இந்தியத் தத்துவ நூல். கணாதர் பேர்ல இருக்குற அந்த நூல்ல அம்பைப் பத்தி வருது: அம்போட முதல் அசைவு நாண் தள்ளுறதால, அந்த அசைவு அம்புக்குள்ள ஒரு சம்ஸ்காரத்தை உண்டாக்குது, அடுத்த அசைவு அதால, அதுக்கடுத்ததும் அதால, சம்ஸ்காரம் தீந்துட்டா கனத்தால கீழ விழுது. இதுல விசேஷம் என்னன்னா அந்த மரபுல சம்ஸ்காரம்னு ஒரே சொல்லுக்குக் கீழ மூணு விஷயத்தை வைக்கிறாங்க, ஓடுற பொருளோட வேகம் ஒண்ணு, வளைச்சா திரும்ப நிமிர்ற கொம்போட குணம் ஒண்ணு, மனசுல பதிஞ்சு பின்னாடி ஞாபகமா வர்ற தடம் ஒண்ணு. வேகமும் ஞாபகமும் ஒரே குடும்பம்! கேரம் காயைப் பாத்துட்டு இதைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. சாங்கியம்கிற இன்னொரு தத்துவ மரபோட நூலான சாங்கிய காரிகையிலும் இதே சொல்தான், ஞானம் வந்தப்புறமும் உடம்பு ஏன் இருக்குன்னா, குயவர் கையை எடுத்தப்புறமும் சக்கரம் சுத்துற மாதிரின்னு.

பிரெஞ்சு தத்துவவாதி டேகார்ட்டை மட்டும் மன்னிக்கவே முடியாதுன்னு பாஸ்கல் சொன்னதா எழுதி வச்சிருக்காங்க. காரணம், உலகம் ஓட ஆரம்பிக்க கடவுள் விரலால ஒரு சுண்டு சுண்டுனா போதும், அதுக்கப்புறம் அந்த மனுஷனுக்கு கடவுளே தேவைப்படலைங்கிறதுதான். பாஸ்கல் பிரெஞ்சுல போட்ட சொல்லும் விரலால சுண்டுறதுதான், கேரம்ல நாம பண்றதேதான்.

நம்ம இலக்கியத்துல கடவுளுக்கு இதே வேலை கொடுத்திருக்கோம், பேரு அடி எடுத்துக் கொடுக்கிறது. சுந்தரர் கல்யாணத்துல ஒரு கிழவர் வந்து ஓலையைக் காட்டி இவன் எனக்கு அடிமைன்னு சண்டை போட, சுந்தரர் கோவத்துல பித்தன்னு திட்ட, கடைசியில திருவெண்ணெய்நல்லூர்ல கிழவர் யாருன்னு தெரிஞ்சதும் என்னய்யா பாடுறதுன்னு முழிச்சப்ப, பித்தான்னு திட்டுனியே அதையே வச்சு ஆரம்பின்னாராம் சிவன். கதையை நம்புறதும் விடுறதும் அவங்கவங்க இஷ்டம், ஆனா அந்த ஒரு சொல் பாட்டுக்குள்ள பண்ணதை நம்பாம இருக்க முடியாது. தமிழ்ப் பாட்டுல எதுகைன்னு ஒண்ணு இருக்கு, முதல் அடியோட ரெண்டாவது எழுத்து என்னவோ மத்த அடியிலயும் ரெண்டாவது எழுத்து அதுவா வரணும். "பித்தா"ன்னு ஆரம்பிச்சாச்சா, ரெண்டாம் அடி "எத்தான்", மூணாம் அடி "வைத்தாய்", நாலாம் அடி "அத்தா". திட்டுனவன் வாயில இருந்து வந்த அந்த த்-ங்கிற மெய்யெழுத்து நாலு அடியும் ஓடி, பித்தனைக் கடைசியில அத்தனாக்கி, அதாவது அப்பனாக்கி, நிக்குது. இந்த போர்டுல உராய்வு கிடையாது, முதல் தட்டு கடைசி வரைக்கும் கேக்கும்.

அந்தாதி இன்னும் ஒரு படி மேல. ஒரு பாட்டோட முடிவுதான் அடுத்த பாட்டோட ஆரம்பம், அபிராமி அந்தாதியில "உதிக்கின்ற"ன்னு கிளம்புற சொல் கைமாறிக் கைமாறி நூறாவது பாட்டுல "உதிக்கின்றவே"ன்னு புறப்பட்ட இடத்துக்கே வந்துடுது, ஒரு கோள் சுத்தி வர்ற மாதிரி. வழியில ஒரு சொல் தப்புனா சங்கிலி அறுந்துடும்.

அடி எடுத்துக் கொடுத்தும் மாட்டிக்கிட்ட ஒருத்தர் இருக்கார். காஞ்சிபுரம் குமரகோட்டத்து கச்சியப்ப சிவாச்சாரியார், கந்தபுராணத்துக்கு முருகனே "திகட சக்கர"ன்னு முதல் அடி கொடுத்தார்ங்கிறது கதை. அரங்கேற்றத்துல வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு புலவர் எழுந்தார், திகழும் தசக்கரமும் (பத்துக் கை) சேந்தா எப்படிய்யா திகடசக்கரம் ஆகும், ழகரம் டகரமா மாற எந்த இலக்கணத்துல விதி இருக்குன்னு. பதில் இல்லை. பத்தாயிரத்து முன்னூத்துச் சொச்சம் பாட்டு கட்டு கட்டா ஏட்டுல இருக்கு, முதல் சொல்லைத் தாண்டி ஒரு எழுத்து நகர முடியலை, அரங்கேற்றம் நின்னு போச்சு. அப்புறம் முருகனே சோழநாட்டுப் புலவரா வேஷம் போட்டு வீரசோழியம்கிற இலக்கண நூலைக் கையில எடுத்துட்டு வந்து, இந்தா விதின்னு அதுல இருக்குற சூத்திரத்தைக் காட்டினாராம்.