விழுமியம், பண்பு, குடிமை: சொல் விளக்கம்

உயர்நிலைப் பள்ளி அட்டவணையில் ‘வேல்யூ எஜுகேஷன்’ என்று வாரத்துக்கு ஒரு பாடவேளை இருக்கும். தமிழில் அதை நீதிபோதனை, நன்னெறி, மதிப்புக் கல்வி, விழுமியக் கல்வி என்று பலவாறாக எழுதுகிறோம். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடிய சொற்கள் அல்ல. ‘போதனை’ என்று எழுதினால் ஒருவர் சொல்ல நாற்பது பேர் கேட்கும் வகுப்புதான் அமையும். ‘மதிப்பு’ என்றால் விலையும் மதிப்பெண்ணும் மாணவருக்கு முதலில் நினைவுக்கு வரும். பொருத்தமான சொல் விழுமியம்.

இது இன்றைய உரைநடையில் பரவிய சொல். வேர் மிகப் பழையது. விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான்’ என்ற குறளில் (131) விழுப்பம் மேன்மை. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ என்பதில் (107) விழுமம் துன்பம். போரில் பட்ட புண், வீரனுக்குப் பெருமை தரும்போது விழுப்புண் ஆகிறது. மேன்மையும் அதற்காகத் தாங்கும் வலியும் இந்தச் சொற்குடும்பத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. ‘வேல்யூ’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான லத்தீன் ‘வலேரே’வுக்கு வலிமையாயிரு, ஈடுபெறு என்று பொருள், அதில் இந்த வலி இல்லை. வகுப்பறைக்குத் தமிழ் வேரே கூடுதலாக உதவுகிறது: எதையும் இழக்க நேராத இடத்தில் ஒருவரது விழுமியம் எது என்று தெரியாது.

அதனால்தான் ‘நேர்மை நல்லதா?’ என்ற கேள்வி வகுப்பில் எடுபடாது. எல்லோரும் ஆம் என்பார்கள், பாடம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு நல்லவை மோதும் நிலைமையைக் கொடுக்க வேண்டும். நண்பன் தேர்வில் பார்த்து எழுதியது உனக்குத் தெரியும். ஆசிரியர் உன்னிடம் கேட்கிறார். நட்பா, நேர்மையா? 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: நிலைமையைப் படிக்க 5 நிமிடம், முடிவையும் காரணத்தையும் தனியாக எழுத 5, நான்கைந்து பேர் குழுவில் பேச 10, தாம் எடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று வாதிட 8, முழு வகுப்பாகப் பேச 7, முதலில் எழுதியதைத் திருத்தி எழுத மீதி 5. தனியாக எழுதும் படியைத் தவிர்த்தால், முதலில் குரல் கொடுத்தவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். ஆசிரியர் ஒரு பதிலுக்குத் தலையாட்டிப் பாராட்டினாலும் அதே விளைவுதான். மற்றவர்கள் அவர் விரும்பும் பதிலைத் தேடத் தொடங்குவார்கள். வகுப்பில் யாருக்கேனும் உண்மையில் நடந்த சம்பவத்தை எடுக்கவே கூடாது.

அடுத்தது ‘கேரக்டர்’. கிரேக்கத்தில் இது முதலில் செதுக்கும் கருவி, பிறகு நாணயத்தில் பொறித்த முத்திரை, அதன்பின் ஒருவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம். முத்திரை ஒருமுறை குத்தினால் குத்தியதுதான். தமிழில் ஒழுக்கம் ஒழுகு என்ற வினையிலிருந்து வருகிறது. நீர்போல் இடைவிடாமல் செல்வது. வளரும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இந்த வினைச்சொல் எவ்வளவு நியாயமானது! ஆனால் பள்ளிகளில் ஒழுக்கம் என்றால் வரிசையில் நிற்பதும் சீருடையும் என்று சுருங்கிவிட்டது. வெளியே ‘கேரக்டர் சரியில்லை’ என்பது, அதிலும் பெண்பிள்ளைகள்மீது, வசைச்சொல்லாகவே விழுகிறது. ஆகவே பாடப்பெயராகப் பண்பு என்பதையே பரிந்துரைக்கிறோம். கேரக்டர் டெவலப்மென்ட் என்பதற்குப் பண்பு வளர்ப்பு. குணம் இயல்பாக அமைந்ததைக் குறிக்கிறது, நடத்தை வெளியே தெரிவதை மட்டும். ‘பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது கலித்தொகை (133). பிறர் இயல்பறிந்து அதற்கேற்ப நடப்பது: அறிதலும் வேண்டும், ஒழுகுதலும் வேண்டும்.

அறிதல் மட்டும் போதாது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்தி 1928 முதல் 1930 வரை வெளிவந்த ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஏமாற்ற வாய்ப்புள்ள பல சூழல்களில் கவனித்தது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. எது சரி என்று தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. ஆகவே சுவரில் ‘பொறுமை’ என்று எழுதி மாட்டுவதால் பயன் குறைவு. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக அதை மாற்றுங்கள்: பிறர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதிருத்தல். ஆறு வாரத்துக்கு அந்த ஒன்றை மட்டும், அந்த வகுப்புக்குப் போகும் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி எதிர்பார்க்க வேண்டும். கணக்கு ஆசிரியர் மாணவரை இடைவெட்டிப் பேசினால் அறிவியல் வகுப்பில் வளர்த்த பழக்கம் அங்கே உடையும். நட்சத்திரமும் புள்ளியும் கொடுத்துப் பழக்கினால், அவை நிற்கும் நாளில் பழக்கமும் நிற்கக்கூடும்.

குடிமையில்தான் குழப்பம் அதிகம். குடி என்பது குடும்பம், குலம், ஊர், அரசின்கீழ் வாழும் மக்கள் என விரிந்த சொல். திருக்குறளின் 96ஆம் அதிகாரமான குடிமைக்கு உயர்குடிப் பிறப்பு என்றே உரைகள் பொருள் சொல்கின்றன. ஆனால் அதே நூல் ‘ஒழுக்கம் உடைமை குடிமை’ (133) என்றும் சொல்கிறது. இன்றைய குடிமை இந்த இரண்டாவது வரிக்கு நெருக்கமானது. அதில் பிறப்புக்கு வேலையில்லை என்பதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். குடியுரிமை சட்டம் தரும் நிலை, குடிமையியல் பாடத்துறை, குடிமை பொதுவாழ்வில் பங்கேற்கும் திறனும் பொறுப்பும். குடிமகன் என்று எழுதும் இடத்தில் குடிமக்கள் என்றால் மாணவியரும் உள்ளே வருவார்கள்.

பண்பும் குடிமையும் பிரியும் இடம் ஒரு குப்பைத்தொட்டியில் தெரியும். கீழே கிடப்பதைப் பொறுக்கிப் போடுவது பண்பு. தொட்டி ஏன் தினமும் நிரம்பி வழிகிறது, அதை அகற்றும் பொறுப்பு யாருடையது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அகற்றுகிறார்கள் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, உரியவருக்குக் கடிதம் எழுதி, பதிலைத் தொடர்ந்து கேட்பது குடிமை. பல பள்ளிகள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் கற்பித்ததாக எண்ணிக்கொள்கின்றன. மாணவர் மன்றமும் அப்படித்தான்: தேர்தல் நடத்தி, பதவியேற்க வைத்து, முடிவெடுக்க எதையும் கொடுக்காவிட்டால், பங்கேற்பு வெறும் சடங்கு என்பதையே பிள்ளைகள் கற்கிறார்கள். நூலக நேரம், விளையாட்டுத் திடல் முறைவரிசை போன்ற ஒன்றையாவது அவர்கள் முடிவுக்கு விடுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

முன்னேற்ற அறிக்கையில் ‘பண்பு: ஏ’ என்று எழுதுவது நாம் விலக்கிய அந்த முத்திரைக்கே திரும்புவது. அதற்குப் பதிலாக நாளும் செயலும் குறித்த ஒரு வரி போதும்: ‘குழு விவாதத்தில் எதிர்க்கருத்தை முழுதாகக் கேட்டு, தன் முடிவை மாற்றி எழுதினாள்.’