அடிபட்ட அகில்

அகில் மரத்துண்டை முகர்ந்தால் மணக்கும் என்று நினைப்போம். நோயற்ற அகிலின் கட்டை வெளிறி, எடையில்லாமல், வாசனையே இன்றி இருக்கும். சந்தன மரத்துக்கு வயது ஏற ஏற அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் மணம் தானாக ஊறும். அகில் மணக்க வேண்டுமானால் முதலில் அடிபட வேண்டும்.

அசாமில் அந்த வேலையைப் பெரும்பாலும் தண்டைத் துளைக்கும் ஒரு புழு செய்கிறது. அது குடைந்த வழியில் பியூசேரியம், லேசியோடிப்ளோடியா போன்ற பூஞ்சைகள் குடியேறுகின்றன. பொதுவாக மரங்களில் உணவு கடத்தும் திசு பட்டையை ஒட்டியே இருக்கும். அகிலிலோ கட்டைக்குள்ளும் அது திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. அங்குள்ள உயிருள்ள செல்களில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். காயம் பட்டதும் மரத்துக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற எச்சரிக்கை வேதிப்பொருள் பெருகி, உறங்கிக் கிடந்த மரபணுக்களை எழுப்புகிறது. மாவுச்சத்து கரையக் கரைய, அந்த இடத்தில் கரும்பிசின் நிறைகிறது. குரோமோன்கள், 15 கார்பன் அணுக்கள் கொண்ட செஸ்குவிடெர்பீன்கள் என்ற இருவகை வேதிப்பொருள்கள்தான் அந்தப் பிசினின் உயிர். பூஞ்சை மேலும் பரவாமல் தடுக்க மரம் எழுப்பும் அரண் அது.

பூஞ்சையே மணத்தைத் தயாரிக்கிறது என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மரத்தில் துளையிட்டு, பூஞ்சை கலக்காத ரசாயனத்தைச் செலுத்தினாலும் பிசின் ஊறுகிறது. ஆனால் பூஞ்சையின் பங்கும் சிறியதல்ல. லேசியோடிப்ளோடியா தானே ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரக்க வல்லது. மரத்தின் அபாய மணியை எதிரியும் சேர்ந்து அடிக்கிறது!

பிசின் நிறைந்த கட்டை நீரில் மூழ்கும். சீனர்கள் அதற்கு வைத்த பெயருக்கே 'மூழ்கும் மணம்' என்றுதான் பொருள். தொண்டித் துறைக்குக் கப்பலில் வந்து இறங்கிய அகிலைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அகில் மீதான ஆசை இன்னும் தீரவில்லை. எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாததால், தேடி வந்தவர்கள் நல்ல மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். 1995இல் மலாக்கா அகில் என்ற இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தோட்டங்களில் இப்போது மரத்தைத் துளையிட்டுப் பூஞ்சையை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள்.

வெட்டிய கட்டையில் புழுத்துளையைச் சுற்றிக் கரும்பழுப்பு ரேகைகள் ஓடும். சிற்றுளியால் வெள்ளைப் பகுதியைப் பொறுமையாகச் சுரண்டி எறிந்தால், மிஞ்சுவது கோணல்மாணலான ஒரு சில்லு. கையில் வைத்திருக்கும்போது அது அதிகம் மணப்பதில்லை. தணலில் வைத்ததும் பிசின் கொப்பளிக்கும். குரோமோன்கள் சூட்டில் உடைந்து, அதுவரை இல்லாத ஓர் இனிய வாசனை புகையோடு எழும்.