பிரிக் கீ நூ: சொல் விளக்கம்

தாய்லாந்துச் சமையல் குறிப்புகளில் 'தாய் சில்லி', 'பேர்ட்ஸ் ஐ சில்லி' என்றெல்லாம் வரும் குட்டி மிளகாய்க்கு அந்த நாட்டு மொழியில் பெயர் 'பிரிக் கீ நூ'. பிரிக் என்றால் மிளகாய், கீ என்றால் மலம், நூ என்றால் எலி. சேர்த்துச் சொன்னால் எலிப்புழுக்கை மிளகாய். அளவையும் வடிவத்தையும் பார்த்து வைத்த பெயர். சந்தையிலும் சாப்பாட்டு மேசையிலும் யாரும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

'பிரிக்' முதலில் மிளகைத்தான் குறித்தது. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அப்புறம் அந்தப் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'பிரிக் தாய்' ஆனது, அதாவது தாய்லாந்து மிளகு. நம்மிடமும் மிளகு + காய் என்றுதான் மிளகாய் பிறந்தது. ஆனால் இங்கே மிளகு தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது, வேற்றுமையும்கூட.

காரம் பொதுவாக 50,000 முதல் 1,00,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) வரை. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைக்காது. பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. மீன் சாற்றில் (ஃபிஷ் சாஸ்) இதை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் 'நாம் பிலா பிரிக்'. சோற்றின் மேல் ஒரு கரண்டி விட்டுக்கொள்வார்கள். பப்பாளிக்காய் சாலடான சோம் தாமுக்கு, மண் உரலில் பூண்டோடு சேர்த்து மரஉலக்கையால் நசுக்கிவிட்டுத்தான் பப்பாளிக்காயைப் போடுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் புழங்கும் 'காந்தாரி மிளகாய்'தான் என் தேர்வு. தாய்லாந்தில் 'பிரிக் கீ நூ சுவான்' என்று ஒரு வகை உண்டு. சுவான் என்றால் தோட்டம். விரல் நகமளவே இருக்கும் அதற்குக் காந்தாரி மிக நெருக்கம். ஊசி மிளகாய் என்றாலும் தவறில்லை. இலங்கையில் 'கொச்சி' என்பார்கள். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் மலாய்ப் பெயரான 'சிலி பாடி'யையே சொல்வார்கள். பாடி என்றால் நெல். 'தாய் மிளகாய்' மட்டும் வேண்டாம். 'தாய்' என்ற சொல் தமிழில் வேறு பொருளுக்கு இழுக்கும்.

குறிப்பில் 'பிரிக் சீ ஃபா' என்று இருந்தால் அது வேறு: விரல் நீளம், காரம் குறைவு. அங்கே காந்தாரியைப் போடக்கூடாது.