லட்சம் டாலர் கிரெடிட் கிடைத்ததா? சரி, எப்போது முடிகிறது?

இந்த மாதமும் ஒரு நிறுவனர் வந்தார். நல்ல தயாரிப்பு, காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்கள், சின்ன டீம். கிளவுட் கிரெடிட், அதாவது அமேசான், கூகுள் போன்றவர்கள் தங்கள் சர்வர் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஸ்டார்ட்அப்களுக்குக் கொடுக்கும் இலவசத் தொகை, தீர்ந்து முதல் பில் வந்திருக்கிறது. டீமின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். "இவ்வளவு ஆகும்னு யாருமே சொல்லலையே சார்." டேஷ்போர்டு தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கிரெடிட் கழிந்து கட்ட வேண்டியது பூஜ்யம் என்று பில்லில் தெரிந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது: கிரெடிட் முதலீடு அல்ல. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் பிட்ச் டெக்கில் "திரட்டிய தொகை" பக்கத்தில் அதைச் சேர்க்காதீர்கள். அதில் சம்பளம் போட முடியாது. கெடு தாண்டினால் மிச்சம் காலாவதி. அமேசான் தன் ஸ்டார்ட்அப் திட்டமான ஆக்டிவேட்டில் தரும் கிரெடிட்டில் டொமைன் பதிவுகூடச் செய்ய முடியாது. ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸுக்கு (நீண்ட காலத்துக்குத் தள்ளுபடியில் பதிவுசெய்யும் சர்வர்) முன்பணமும் கட்ட முடியாது.

அறிவிப்பில் "வரை" என்று ஒரு சொல் இருக்கும், அதையும் படியுங்கள். முதலீடு பெற்ற ஸ்டார்ட்அப்களுக்குக் கூகுள் கிளவுட் அறிவித்த "2 லட்சம் டாலர் வரை" திட்டத்தைப் பாருங்கள். முதல் ஆண்டு 1 லட்சம் வரை முழுச் செலவும் அவர்களுடையது. இரண்டாம் ஆண்டு உங்கள் பயன்பாட்டில் 20% மட்டும், அதுவும் 1 லட்சம் வரை. அந்த இரண்டாவது லட்சத்தை முழுசாகப் பெற நீங்கள் 5 லட்சம் டாலருக்குப் பயன்படுத்த வேண்டும். 4 லட்சம் உங்கள் கைக்காசு. சின்ன நிறுவனத்துக்கு அந்த இரண்டாவது லட்சம் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிடுவது புதுக்கதையும் இல்லை. 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டார்ட்அப்களுக்காக பிஸ்ஸ்பார்க் திட்டத்தைத் தொடங்கியபோது விண்டோஸ், விஷுவல் ஸ்டுடியோ, எஸ்க்யூஎல் சர்வர் (அவர்களின் டேட்டாபேஸ்) எல்லாம் 3 ஆண்டு இலவசம். அந்த 3 ஆண்டில் எழுதிய ஸ்டோர்டு புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் கோடு) நான்காம் ஆண்டில் தாமாக போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸுக்கு மாறிவிடாது. எஸ்க்யூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்டின் பட்டியல் விலை 2 பிராசஸர் கோருக்கு 3,945 டாலர். ஒரு மெஷினுக்குக் குறைந்தது 4 கோருக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். (உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமான டெவலப்பர் எடிஷன் இலவசம்தானே என்று அதையே வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் ஓட்டுபவர்களே, அது உரிம மீறல். முதலீட்டாளரின் வக்கீல் கேட்கும் நாளில் விழிக்காதீர்கள்.)

"அப்போ வேற கிளவுடுக்கு மாறிடலாம், இப்போ டேட்டாவை வெளியே எடுக்கக்கூட காசு இல்லையாமே?" உண்மைதான், மொத்தமாக வெளியேறுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தை மூன்று பெரிய நிறுவனங்களும் 2024-இல் தள்ளுபடி செய்தன. ஆனால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது டேட்டா இல்லை, கோடு. அமேசானில் மட்டுமே கிடைக்கும் டைனமோடிபி டேட்டாபேஸை நம்பி எழுதியதை எழுதியவர்களே திருத்த வேண்டும். அவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக வாங்குங்கள். விண்ணப்பிக்கும் முன், கிரெடிட் இல்லாத விலையில் மாதச் செலவு எவ்வளவு என்று ஒரு ஷீட் போடுங்கள். அந்தத் தொகையை உங்கள் வருமானம் தாங்காதென்றால் அந்த வடிவமைப்பே வேண்டாம். டேட்டாபேஸ் மட்டுமாவது எந்த கிளவுடிலும் ஓடக்கூடியதாக இருக்கட்டும். கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே காலண்டரில் எச்சரிக்கை வையுங்கள், நிறுவனர் காலண்டரில், இன்டர்ன் காலண்டரில் அல்ல.

ஏற்கெனவே கிரெடிட்டில் ஓடிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து, இன்றைக்கே அமேசானின் செலவுக் கணக்குப் பக்கமான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'சார்ஜ் டைப்' ஃபில்டரில் கிரெடிட்டை நீக்கிவிட்டுப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் உங்கள் பில்.