இலவசத்தோடு போட்டி: கூகுள் ரீடர் விட்டுச்சென்ற கணக்கு

வலைத்தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிப் படிக்க 2007-இல் மேக் கணினிக்கு நெட்நியூஸ்வயர் இருந்தது, விண்டோஸுக்கு ஃபீட்டீமன். இரண்டும் 29.95 டாலர். முதலாவதை பிரென்ட் சிம்மன்ஸும் இரண்டாவதை நிக் பிராட்பரியும் எழுதி, பிறகு நியூஸ்கேட்டர் நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். 2008 ஜனவரியில் இரண்டுமே இலவசமாயின. நியூஸ்கேட்டரின் வருமானம் பெரிய நிறுவனங்களுக்கு விற்ற சர்வர் மென்பொருளில் இருந்தது. கூகுளோ 2005 அக்டோபரிலிருந்தே இதே வேலையை உலாவியில் செய்யும் கூகுள் ரீடரைக் காசில்லாமல் தந்துகொண்டிருந்தது; அதற்குச் சோறு போடுவது விளம்பரம். இருவருக்குமே இது சோப்போடு கொடுக்கும் ஸ்பூன் மாதிரி. ஸ்பூன் மட்டுமே செய்து விற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

மென்பொருளின் முதல் பிரதிக்குத்தான் ஆண்டுக்கணக்கில் உழைப்பு; பத்தாயிரமாவது பிரதிக்குச் செலவு இல்லையென்றே சொல்லலாம். அதனால் வேறு வருமானம் உள்ளவர் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்க முடிகிறது. வாங்குபவரின் மனமும் அதற்குத் துணைபோகிறது. ஷம்பானியர், மஸார், ஏரியலி மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்ரக லிண்ட் சாக்லேட்டை 15 சென்ட்டுக்கும் சாதாரண ஹெர்ஷியை 1 சென்ட்டுக்கும் வைத்தபோது, எடுத்தவர்களில் 73% லிண்ட்டை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்ததும் 69% பேர் இலவச ஹெர்ஷி பக்கம் சாய்ந்தார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான்!

ஆகவே இலவசத்தோடு போட்டியிட விலையைக் குறைப்பது வீண். கணக்கே அதைக் காட்டும். ஆண்டுக்கு 60,000 டாலர் தேவைப்படும் தனி டெவலப்பர் ஒருவர் 99 சென்ட்டுக்குச் செயலி விற்கிறார் என்று வையுங்கள். ஆப் ஸ்டோரின் 30% கமிஷன் போகக் கைக்கு 69 சென்ட் சொச்சம். ஏறக்குறைய 86,600 பேர் வாங்க வேண்டும். விலை 30 டாலர் என்றால் 21 டாலர் மிஞ்சும். 2,860 பேர் போதும். வாங்கியவர்களில் நூறில் ஒருவர் சந்தேகம் கேட்டு எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் பத்து நிமிடம் ஆனால், முதல் வழியில் 144 மணி நேரம் அதிலேயே போய்விடும். இரண்டாவதில் ஐந்து மணி நேரம்கூட ஆகாது. 2021 முதல் சிறு டெவலப்பர்களுக்குக் கமிஷன் 15% ஆகியிருக்கிறது. ஆனாலும் இந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

விலையைவிட ஆழமான அடி ஒத்திசைவில் விழுந்தது. போனில் படித்த பதிவு கணினியிலும் 'படித்தாயிற்று' என்று காட்ட, ஏதோ ஒரு சர்வர் அந்தக் குறியைச் சேமித்து வைக்க வேண்டும். எல்லோருடைய ஃபீடுகளையும் (தளங்கள் தரும் புதுப் பதிவுப் பட்டியல்களையும்) நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதும் அதுவே. இது மாதம் தவறாத செலவு. கூகுள் அதையும் சும்மா கொடுத்ததால், 2009-இல் நெட்நியூஸ்வயரும் ஃபீட்டீமனும் ஒத்திசைவை அங்கே மாற்றிக்கொண்டன. இத்தனைக்கும் கூகுள் ரீடருக்கு அதிகாரபூர்வமான ஏபிஐ (பிற செயலிகள் இணைவதற்கான வழி) என்றைக்குமே வெளிவரவில்லை.

2013 மார்ச் 13-இல் கூகுள் ரீடரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 1 கடைசி நாள். இடையில் 110 நாட்கள். ஃபீட்டீமனை நிறுத்துவதாக பிராட்பரி அறிவித்தார். இரண்டே நாளில் ஐந்து லட்சம் பேர் வந்து சேர்ந்ததாக இன்னொரு ஃபீடு வாசிப்புச் சேவையான ஃபீட்லி சொன்னது. ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த மாதமே தொடங்கிய ஃபீட்பின் என்ற வாசிப்பு, ஒத்திசைவுச் சேவை. அது மாதம் 2 டாலர் என்று நேராகக் கேட்டது. பிறகு விலையை ஏற்றியும் நிலைத்து நிற்கிறது.

இன்று விலை வைக்க உட்காருபவர் முதலில் வசதிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பயனரின் கணினியிலேயே முடிந்துவிடுபவை, சர்வரைத் தொடுபவை. முதல் வகைக்கு ஒருமுறை விலை சரி. இரண்டாவதற்குச் சந்தாதான் வேண்டும். இல்லையேல் புது விற்பனை நின்ற மாதமே பழைய பயனர்களின் சர்வர் பில் கையைக் கடிக்கும். நிரந்தர இலவசப் பதிப்பைவிட, எல்லா வசதிகளோடும் 14 அல்லது 30 நாள் சோதனை நல்லது. பூஜ்யத்தில் பழகியவரை ஒரு டாலருக்கு நகர்த்துவது, 20 டாலர் கொடுத்தவரை 30-க்கு நகர்த்துவதைவிடக் கடினம்.

2018-இல் நெட்நியூஸ்வயர் சிம்மன்ஸிடமே திரும்பி வந்தது. 2019-இல் அவர் அதைத் திறமூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), இலவசமாக வெளியிட்டார். அது அப்போது ஒத்திசைவுக்கு நாடியது, சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஃபீட்பின்னை.