செலவுத்தொகை: கம்பெனி கலைப்பு வழக்கில் யார் பணம், யாருக்கு?

“செலவுடன் தள்ளுபடி.” புதுச்சேரி கோர்ட்டுக்கு நாலு தடவை போனவர்கள் காதில் இது விழாமல் இருந்திருக்காது. வக்கீல்கள் வாயில் ‘காஸ்ட்’, தமிழ்த் தீர்ப்பில் ‘செலவுத்தொகை’. வழக்கு நடத்த ஒரு தரப்புக்கு ஆன செலவுக்கு மறுதரப்பு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லும் தொகை.

‘காஸ்ட்’டுக்கு மூலம் லத்தீன் ‘கான்ஸ்தாரே’, நிற்பது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் சொல்லோ ‘செல்’ என்பதிலிருந்து பிறந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம்; பொருள் தேடக் கிளம்பிய தலைவன் போகத் தயங்குவது ‘செலவழுங்கல்’. கையை விட்டுப் போகும் காசுக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு ‘தெப்பான்’ என்று பெயர். 1806ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, தோற்பவர் செலவு கொடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிடும். 1968இல் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் புதுச்சேரிக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் 35ஆம் பிரிவு செலவை நீதிபதியின் விருப்புரிமைக்கு விடுகிறது. ஜெயித்தவருக்குக் கொடுக்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். நடைமுறையில் ‘செலவில்லை’ என்றே பல தீர்ப்புகள் முடிகின்றன. 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் குறைகூறியது. டிகிரியோடு, அதாவது தீர்ப்பாணையோடு, வரும் செலவுப் பட்டியலைப் பாருங்கள்: கோர்ட் ஸ்டாம்பு, வக்காலத்து ஸ்டாம்பு, பேட்டா (சம்மன், சாட்சிகளுக்கான படி), வக்கீல் ஃபீஸ். ஃபீஸ் விதிப்படியான கணக்கு, நீங்கள் உண்மையில் கொடுத்தது அல்ல. பொய் வழக்குக்கென்று 35ஏ பிரிவு தனியாக ஈட்டுத்தொகை தருகிறது. சாதாரண வழக்கில் அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். கடலூரிலிருந்து வாய்தாவுக்கு வந்துபோன பஸ் செலவுக்குக்கூடச் சிலருக்குப் போதாது.

கம்பெனி கலைப்பில், அதாவது கம்பெனியை மூடிச் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில்தான், இந்தச் சொல் சிக்கலாகிறது. பழைய 1956 கம்பெனிச் சட்டப்படி ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று பாக்கி தரவில்லை. சரக்குக் கொடுத்த கடலூர் முதுநகர் வியாபாரி 433ஆம் பிரிவில் மனு போட்டு, கலைப்பு உத்தரவு வாங்குகிறார். தோற்றது கம்பெனி, ஆகவே மனுச் செலவு கம்பெனி சொத்திலிருந்து. ஆனால் அந்தச் சொத்தை நம்பித் தொழிலாளி, வங்கி, மற்ற வியாபாரிகள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். முதுநகர்க்காரருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் பங்கில் குறையும். நீதிபதிகள் இங்கே கையை இறுக்குவது நியாயம்தான் என்பேன்.

அந்த வேலையைச் செய்யும் கலைப்பாளரின் ஊதியம், காவலாள் சம்பளம், ஏல விளம்பரம் ஆகியவையும் ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’தான். இது தோற்றவர் ஜெயித்தவருக்குத் தருவதல்ல. சொத்து போதாதபோது எந்தச் செலவு முன், எது பின் என்று தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரிசைப்படுத்தலாம் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 298ஆம் பிரிவு. 2016 திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில் இந்தச் செலவு முழுசாகக் கழிந்த பிறகுதான் தொழிலாளிக்கும் வங்கிக்கும். முதல் வகைக்கு ‘வழக்குச் செலவுத்தொகை’, இதற்குக் ‘கலைப்புச் செலவு’ என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

மனு தோற்றால் கணக்கு நேர். உண்மையிலேயே தகராறில் உள்ள கடனை வசூலிக்கக் கலைப்பு மனு வழியல்ல என்று 1965இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிரட்டிப் பார்க்க மனு போட்டவர் தள்ளுபடியோடு செலவையும் தன் பையிலிருந்து கட்ட நேரலாம்.

பத்திரிகைகள் இதை ‘அபராதம்’ என்று எழுதுவதுதான் எரிச்சல். செலவுத்தொகை ஈடு, வழக்கமாக எதிர்த்தரப்புக்குப் போவது. சில சமயம் சட்ட உதவி ஆணையத்துக்குக் கட்டச் சொல்வதால் அப்படித் தோன்றுகிறது போலும். நிஜமான அபராதம் திவால் சட்டத்தின் 65ஆம் பிரிவில் இருக்கிறது: கெட்ட நோக்கத்தோடு திவால் மனு போட்டால் 1 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. கடன் பாக்கிக்கு இப்போது அந்தச் சட்டப்படி சென்னைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வசூல் வழக்குதான். அது வணிக வழக்காகப் பதிவானால் 35ஏ பிரிவின் 3,000 ரூபாய் வரம்பு கிடையாது.