வேர்முடிச்சும் அதன் அண்டை அயலாரும்

பயறு வகைச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ரைசோபியம் கலந்து விதைத்தும் பலனில்லை” என்று முறையிடுவோரிடம் நான் முதலில் கேட்பது, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தீர்களா என்பதைத்தான். ரைசோபியம் என்பது பயறு வகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி அதனுள் வாழும் பாக்டீரியா. முடிச்சின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் தழைச்சத்தாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளுத்திருந்தால், எத்தனை முடிச்சுகள் இருந்தாலும் அவை செடி தரும் சர்க்கரையை உண்டுவிட்டுச் சும்மா இருப்பவையே. (காய் முற்றும் பருவத்தில் முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ மாறுவது இயல்பு.)

சும்மா இருக்கும் முடிச்சுகளில் பல, நாம் விதையில் கலந்த பாக்டீரியாவால் உண்டானவையே அல்ல. மண்ணில் முன்பே குடியிருந்த, எண்ணிக்கையில் மிகுந்த, ஆனால் திறன் குறைந்த ரைசோபிய வகைகள் முந்திக்கொண்டு வேருக்குள் புகுந்ததால் வந்தவை. 1888-இல் டச்சு அறிவியலர் பெய்ஜரிங்க் இந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதைத் தனித்து இயங்கும் உயிராகவே எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. மண்ணில் அதற்குப் போட்டியாளர்கள் உண்டு. அதை இரையாக்கும் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிர்களும், தாக்கி அழிக்கும் வைரஸ்களும், நுண்ணுயிர் எதிர்ப்பொருள் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவும் உண்டு.

ரைசோபியத்துக்குத் துணைவர்களும் உண்டு; அவர்களில் தலையாயது, வேருக்குள் வாழும் பூஞ்சையான வேர் உட்பூசணம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து அம்மோனியாவாக்க நைட்ரஜனேஸ் நொதி ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகளில் குறைந்தது 16-ஐச் செலவிடுகிறது; ஏடிபியின் கட்டமைப்பிலேயே பாஸ்பரஸ் என்ற மணிச்சத்து இருப்பதால், அது குறைந்த மண்ணில் முடிச்சு எளிதில் தளர்ந்துவிடும். வேர் எட்ட முடியாத இடத்திலிருந்து அந்தச் சத்தைத் தன் இழைகளின் வழியே கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பூசணமே. இவ்விரு விருந்தினரையும் உள்ளே அனுமதிக்கச் செடி பயன்படுத்தும் சமிக்ஞைப் பாதையின் பெரும்பகுதி பொதுவானது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. அசோஸ்பைரில்லம் என்ற மண் பாக்டீரியா சுரக்கும் வளர்ச்சி ஊக்கி வேர்த்தூவிகளைப் பெருக்குவதால், அவற்றின் வழியே நுழையும் ரைசோபியத்துக்கு வாயில்களும் கூடுகின்றன.

இதற்காகக் கிடைக்கும் உயிர் உரங்களையெல்லாம் ஒன்றாகக் கலப்பது சரியன்று. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் சில வகைகள் வேரழுகல் பூஞ்சைகளைத் தடுத்து முடிச்சுக்கு உதவுகின்றன. வேறு சில ரைசோபியத்தையே ஒடுக்குகின்றன. எனவே, சேர்த்துச் சோதித்த கூட்டுகளையே நான் பரிந்துரைக்கிறேன்.

பூஞ்சாணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே கரைசலில் குழைப்பது நான் அடிக்கடி காணும் பிழை. மருந்து நேர்த்தியை முன்னதாக முடித்து, ரைசோபியத்தை விதைப்புக்குச் சற்று முன் கடைசியாகப் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். அப்போதும் சில மருந்துகள் அதைக் கொல்லும் என்பதால், பொருந்தும் மருந்து எதுவென்று கேட்டறிவது நல்லது. யூரியாவை மிகையாக இட்டாலோ செடி முடிச்சு உருவாக்குவதையே குறைத்துக்கொள்ளும்.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியைச் சோதித்துப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்; மண்ணோடு தோண்டியெடுத்து, நீரில் ஊறவைத்து அலசிய பின் கீறிப் பாருங்கள்.